பழைய பழுது காட்டும் வழி: ஆலை இயந்திரங்களில் நேர்வுசார் நியாயித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. பொருள்

இயந்திரம் ஒன்று பழுதடைந்தால் காரணத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. அது இயங்கும் விதத்தை அடிப்படை விதிகளிலிருந்து தொடங்கி, எந்த உறுப்புக் கெட்டால் எந்த அறிகுறி தோன்றும் என்று படிப்படியாகக் கணித்துச் செல்வது முதல் வழி. இதே அறிகுறியோடு முன்பு நின்றுபோன இயந்திரம் எது, அப்போது காரணம் என்ன, எதைச் செய்தபின் அது மீண்டும் ஓடியது என்று நினைவிலிருந்து எடுத்து, இன்றைய நிலைமைக்கேற்பத் திருத்திப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. நீண்ட அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். சத்தத்தைக் கேட்டவுடன் "இது போன வருஷம் மூன்றாம் நம்பர் பம்பிக்கு வந்ததுதான்" என்பார்கள். இந்த நினைவையும் அதைப் பயன்படுத்தும் முறையையும் கணினியில் அமைப்பதே நேர்வுசார் நியாயித்தல்.

இங்கே நேர்வு என்பது முன்பு நடந்து முடிந்த ஒரு பழுதின் முழுப் பதிவு. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு: அறிகுறிகளும் இயங்குநிலையும் அடங்கிய சிக்கல் விவரம், கண்டறியப்பட்ட காரணமும் செய்யப்பட்ட திருத்தமும், திருத்தத்திற்குப் பின் கிடைத்த விளைவு. முதல் இரண்டையும் எல்லாத் தொழிற்சாலைகளும் ஏதோ ஒரு வடிவில் லொக் புத்தகத்தில் எழுதி வைக்கின்றன. மூன்றாவது பகுதிதான் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆனால் முறை முழுவதும் அந்த மூன்றாவது பகுதியையே நம்பி நிற்கிறது. திருத்தம் பலித்ததா, அது எதனால் உறுதியானது என்ற பதிவு இல்லாத நேர்வு அனுபவமாகாது. அது வெறும் ஊகத்தின் எழுத்து வடிவம்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

இத்துறையின் வேர் மனித நினைவாற்றல் பற்றிய ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் றொஜர் ஷாங்க் 1982 இல் வெளியிட்ட நூல், புதிய அனுபவம் ஒன்றை விளங்கிக்கொள்ள மனிதர் பழைய அனுபவங்களையே துணைக்கு அழைக்கிறார்கள் என்றும், எதிர்பார்த்தது பிழைக்கும் இடங்களிலேயே நினைவு புதிதாக ஒழுங்குபடுகிறது என்றும் வாதிட்டது. அவருடைய மாணவியான ஜனெட் கொலொட்னர் உருவாக்கிய 'சைரஸ்' என்ற நிரல், அமெரிக்க இராஜாங்கச் செயலர் சைரஸ் வான்ஸின் பயணங்களையும் சந்திப்புகளையும் நினைவில் ஒழுங்குபடுத்திக் கேள்விகளுக்கு விடை சொன்னது. முன்தீர்ப்புகளை ஆதாரமாகக் கொண்டு இயங்கும் சட்டத்துறையில் கெவின் ஆஷ்லியின் 'ஹைப்போ' என்ற அமைப்பு உருவானது. 1994 இல் அக்னார் ஆமொட், என்ரிக் பிளாசா இருவரும் எழுதிய கட்டுரை இந்த முயற்சிகளையெல்லாம் ஒரே சுழற்சியாக வகுத்தது: மீட்டெடுத்தல், பயன்படுத்தல், சரிபார்த்துத் திருத்தல், சேமித்தல். இன்றும் பாடநூல்கள் இந்த நான்கு படிகளையே பின்பற்றுகின்றன.

ஆலைகளுக்கு இம்முறை வந்த காரணத்தை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்பிருந்த முறையின் வரலாறு உதவும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டீசல் மின் புகையிரத எஞ்சின்களின் பழுதறிதலில் முதன்மை வல்லுநராக இருந்தவர் டேவிட் ஸ்மித். ஓய்வுபெறும் காலத்தை அணுகிய அவருடைய அறிவு அவரோடு போய்விடக்கூடாது என்பதற்காக, 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் அதை "இது இருந்தால் அது" என்ற வடிவிலான விதிகளாக மாற்றியது. அமைப்பு வேலை செய்தது. ஆனால் விதிகளால் ஆன எல்லா அமைப்புகளையும் போலவே இதற்கும் இரண்டு இடர்கள் இருந்தன. வல்லுநர் ஒருவரிடமிருந்து விதிகளைக் கேட்டு எழுதுவது நீண்ட, களைப்பூட்டும் வேலை. புதிய மாதிரி எஞ்சின் வந்தால் விதிகள் பலவற்றை மீண்டும் எழுத வேண்டும், அவை ஒன்றோடொன்று முரண்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை கழித்து அதே நிறுவனத்தில் அனில் வர்மா, நிக்கலஸ் றொடி இருவரும் 'இக்காரஸ்' என்ற அமைப்பை உருவாக்கி 1999 இல் அதை விவரித்தார்கள். அது யாரையும் உட்கார்த்தி விதி கேட்கவில்லை. எஞ்சினிலுள்ள கணினி பதிந்த பழுதுக் குறியீடுகளையும், பட்டறையில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களையும் இணைத்து நேர்வுகளாக்கி, எந்தக் குறியீட்டுத் தொகுதி எந்தத் திருத்தத்தை நம்பகமாகச் சுட்டுகிறது என்பதை அந்த நேர்வுகளிலிருந்தே கற்றுக்கொண்டது.

ஐரோப்பாவிலும் இதே பாதை தெரிகிறது. ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டேர்ன் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் றிக்டரின் குழு கணினி வழி இயங்கும் கடைசல், துளையிடல் இயந்திரங்களின் பழுதறிதலுக்காக 'மோல்ட்கே' என்ற பணிமேடையை அமைத்தது. அதன் நேர்வுசார் பகுதியின் பெயர் 'பட்டெக்ஸ்'. 1990களின் நடுவில் போயிங் 737 விமானங்களில் பூட்டப்பட்ட சி.எஃப்.எம். 56 ரக எஞ்சின்களுக்காகப் பிரான்சில் 'கசியோப்பே' என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பெருஞ்செலவு. அந்த நேரத்தில் கணிசமான பகுதி எதைக் கழற்றுவது என்று தீர்மானிப்பதிலேயே போகிறது. பழுதறியும் நேரத்தைச் சுருக்குவதே அதன் நோக்கமாக இருந்தது.

3. மீட்டெடுத்தல்: எது எதைப் போன்றது

முறையின் நான்கு படிகளையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியாகத் தொடரலாம். ஒரு தொழிற்சாலையில் கொதிகலனுக்கு வெந்நீர் அனுப்பும் பம்பி ஒன்று 55 கிலோவாட் மோட்டரால் இயங்குகிறது. மோட்டர் நிமிடத்திற்கு 1480 தடவை சுழல்கிறது, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 24.7 சுற்று. இரண்டு வாரத்திற்கு முன்பு மோட்டர் மாற்றப்பட்டது. இப்போது அதிர்வு கூடியிருக்கிறது. அதிர்வு அச்சுத்திசையில் மிகுதி. அதன் முதன்மை மீடிறன் சுழற்சியின் இருமடங்கு, அதாவது 49.3 ஹேர்ட்ஸ். கப்ளிங் பக்கத்துத் தாங்கி வழமையை விடச் சூடாக இருக்கிறது.

களஞ்சியத்தில் இதற்கு நெருங்கியவையாக இரண்டு நேர்வுகள் இருப்பதாகக் கொள்ளலாம். நேர்வு அ இதே பம்பியைப் பற்றியது. சென்ற ஆண்டு அதன் தாங்கி தேய்ந்து சூடேறியது. அப்போது அதிர்வு பெரும்பாலும் ஆரைத்திசையில் இருந்தது, அதன் மீடிறனும் சுழற்சியின் முழு மடங்காக இருக்கவில்லை. நேர்வு ஆ வேறொரு கொம்பிரசரைப் பற்றியது. அதன் மோட்டரைக் கழற்றிப் பூட்டிய சில நாட்களில் அச்சுத்திசை அதிர்வு இருமடங்கு மீடிறனில் தோன்றியது, காரணம் அலைன்மென்ட் பிசகியிருந்தது.

ஒப்புமையைக் கணிக்கும் எளிய வழி, ஒவ்வோர் இயல்பும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை மதிப்பிட்டு, அந்த இயல்பின் முக்கியத்துவ எடையால் பெருக்கிக் கூட்டுவது. மீடிறனுக்கு 4, திசைக்கு 3, அண்மையில் செய்த வேலைக்கு 2, வெப்பநிலைக்கு 2, இயந்திர வகைக்கு 1 என எடைகள் இருந்தால் மொத்தம் 12. நேர்வு ஆ மீடிறன், திசை, அண்மைய வேலை மூன்றிலும் முழுமையாகவும், வெப்பநிலையில் 0.8 ஆகவும், இயந்திர வகையில் 0.5 ஆகவும் பொருந்தினால் 11.1 பெறும். அதன் ஒப்புமை 0.93. நேர்வு அ இயந்திர வகையிலும் வெப்பநிலையிலும் முழுமையாகவும், திசையில் 0.3 ஆகவும், மற்ற இரண்டில் பூச்சியமாகவும் பொருந்தினால் 3.9 பெறும். அதன் ஒப்புமை 0.33. "இதே பம்பிதானே, போன தடவையும் தாங்கிதானே" என்று உடனே தாங்கியைக் கழற்றும் அவசரத்தை இந்தக் கணக்குத் தடுக்கிறது.

ஆயினும் கணக்கின் நேர்மை எடைகளின் நேர்மையைப் பொறுத்தது. இயந்திர வகைக்கு 1 இற்குப் பதிலாக 10 கொடுத்தால் மொத்தம் 21 ஆகும், ஒப்புமைகள் 0.74, 0.61 என நெருங்கிவிடும். பழுதறியும் பணியில் வல்லுநரின் அறிவு மறைந்திருக்கும் இடங்களுள் முதன்மையானது இதுவே: எந்த ஒப்புமை பொருட்படுத்தத் தக்கது, எது மேலோட்டமானது என்ற தெளிவு. றிக்டர் இத்தகைய அமைப்பின் அறிவு நான்கு கொள்கலன்களில் தங்கியிருப்பதாக வகுத்தார்: விவரிக்கப் பயன்படும் சொற்றொகுதி, ஒப்புமை அளவை, பொருத்தியமைக்கும் அறிவு, நேர்வுகள். ஒன்றில் குறைவிருந்தால் மற்றவற்றால் ஓரளவு ஈடுசெய்யலாம். நேர்வுகள் மிகுந்திருந்தால் பொருத்தியமைக்கும் அறிவு குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். நேர்வுகள் சிலவே என்றால் ஒப்புமை அளவை நுட்பமாக இருக்க வேண்டும்.

மீட்டெடுத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பழுது தோன்றிய கணத்தில் எல்லா அறிகுறிகளும் கையில் இருப்பதில்லை. அடுத்து எதை அளப்பது என்பதும் ஒரு தீர்மானம். முன்னணியில் நிற்கும் நேர்வுகளைப் பிரித்துக்காட்டக்கூடிய, செலவு குறைந்த சோதனையை முதலில் செய்வதே ஒழுங்கு. இருமடங்கு மீடிறன் மின்சாரக் காரணத்தாலோ இயந்திரக் காரணத்தாலோ என்ற ஐயம் எழுந்தால், மின்னைத் துண்டித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. துண்டித்தவுடன் அதிர்வு மறைந்தால் காரணம் மின்சாரம் சார்ந்தது. வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால் இயந்திரம் சார்ந்தது. தாங்கியைக் கழற்றிப் பார்ப்பதோ ஒரு நாள் வேலை. அப்படிக் கழற்றும்போது நல்ல தாங்கியும் பழுதாகக்கூடும்.

4. பயன்படுத்தலும் சரிபார்த்தலும்

மீட்டெடுத்த தீர்வை அப்படியே பிரதிசெய்வது ஆபத்து. கொம்பிரசரின் அலைன்மென்ட் குளிர்ந்த நிலையில் டயல் கேஜ் வைத்துப் பூச்சியத்திற்குக் கொண்டுவரப்பட்டது, அது சரியாக இருந்தது. வெந்நீர்ப் பம்பிக்கு அது போதாது. உருக்கு ஒரு மீற்றர் நீளத்தில் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் விரிகிறது. பம்பியின் அச்சு அடித்தளத்திலிருந்து 0.4 மீற்றர் உயரத்தில் இருந்து, அதன் தாங்குகால்கள் மோட்டரின் கால்களை விட 40 பாகை கூடுதலாகச் சூடேறினால், ஓட்டத்தில் பம்பியின் அச்சு மோட்டரின் அச்சை விட 0.19 மில்லிமீற்றர் உயரும். குளிர்நிலையில் சமமாக வைத்த அச்சுகள் ஓட்டத்தில் பிசகிவிடும். எனவே பழைய தீர்வு "அலைன்மென்டைச் சரிசெய்" என்றால், பொருத்தியமைத்த தீர்வு "சூட்டின் விரிவைக் கணக்கில் எடுத்து, மோட்டரை அந்த அளவு உயர்த்தி வைத்துச் சரிசெய்" என்பதாகும்.

அடுத்த படி சரிபார்த்தல். திருத்தியபின் இயந்திரம் ஓடுகிறது என்பது சான்றாகாது. பழுதுள்ள பம்பியும் ஓடத்தான் செய்தது. அளந்து பார்க்க வேண்டும். இயந்திர அதிர்வுக்கான சர்வதேச நியமங்கள், 15 முதல் 75 கிலோவாட் வரையான நடுத்தர இயந்திரங்களில் தாங்கியுறையின் அதிர்வு வேகம் செக்கனுக்கு 2.8 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் நீண்டகால ஓட்டத்திற்கு ஏற்றதல்ல என்றும், 7.1 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் சேதம் விளையும் அளவு என்றும் வகுத்திருந்தன. பம்பி முழுச் சூட்டுக்கு வந்தபின் அதிர்வு இந்த எல்லைக்குள் இறங்கியதா, இருமடங்கு மீடிறன் தணிந்ததா, ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்ட பின்னரே அது நேர்வாகிறது.

இந்தப் படியைத் தவிர்த்தால் விளைவது வெறும் குறைபாடல்ல, தீங்கு. பல பழுதுகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று வேலைகள் நடக்கின்றன. தாங்கி மாற்றப்படுகிறது, அதோடு அலைன்மென்டும் பார்க்கப்படுகிறது, கப்ளிங்கின் இறப்பரும் புதிதாகிறது. இயந்திரம் சரியாகிறது. லொக் புத்தகத்தில் "தாங்கி மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதப்படுகிறது. அடுத்த தடவை அந்தப் பதிவு மீட்டெடுக்கப்படும்போது, குற்றமற்ற தாங்கி இன்னொரு முறை மாற்றப்படும். பிழையான பதிவு ஒரு தடவையோடு நில்லாமல், மீட்டெடுக்கப்படும் ஒவ்வொரு தடவையும் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

5. சேமித்தலும் கழித்தலும்

எல்லாவற்றையும் சேமிப்பது நல்ல நினைவு அல்ல. ஒரே பழுதின் நூறு பிரதிகள் களஞ்சியத்தைப் பெருக்குமே தவிர அறிவைப் பெருக்கா. தேடலும் மெதுவாகும். அயர்லாந்தின் பரி ஸ்மித், மார்க் கீன் இருவரும் 1995 இல் முன்வைத்த கருத்து இங்கு வழிகாட்டுகிறது. ஒரு நேர்வை நீக்கினால் வேறெந்த நேர்வாலும் தீர்க்க முடியாத சிக்கல்கள் உருவாகுமா என்று பார்க்க வேண்டும். உருவாகும் என்றால் அது அச்சாணி போன்ற நேர்வு, ஒருபோதும் நீக்கக்கூடாது. மற்றொன்று அதன் வேலையைச் செய்யும் என்றால் அதை நீக்கலாம். எத்தனை தடவை பயன்பட்டது என்ற எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அரிய பழுதின் ஒரே பதிவு முதலில் அழிந்துபோகும்.

பலிக்காத திருத்தங்களையும் சேமிக்க வேண்டும். "இந்த அறிகுறிக்கு உட்செலுத்தியை மாற்றினோம், பயனில்லை" என்ற பதிவு, வெற்றிபெற்ற பதிவுக்குச் சமமான பெறுமதி உடையது. தோல்வியை எழுதுவது தண்டனைக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் இருக்கும் பட்டறையில் இத்தகைய பதிவுகள் தோன்றா. ஆகவே களஞ்சியத்தின் தரம் நிரலாளரை விட மேலாளரையே கூடுதலாகச் சார்ந்திருக்கிறது.

6. சென்னையில் ஒரு முயற்சி

தமிழ் நிலத்திலேயே இம்முறை ஆலையில் பயன்பட்டதற்கு நல்ல சான்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தீபக் கேமானியும் ராதிகா செல்வமணி முதலான அவர் குழுவினரும் உருவாக்கிய 'இன்ஃபோஃப்ராக்ஸ்'. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்திற்காக அமைக்கப்பட்ட இந்த அமைப்பு, 2002 இல் ஐரோப்பிய நேர்வுசார் நியாயித்தல் மாநாட்டில் விவரிக்கப்பட்டது.

அங்கு சிக்கல் இயந்திரத்தில் அல்ல, இயந்திரங்கள் ஆக்கும் பொருளில். கண்ணாடி உருக்கும் உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படும் தீத்தாங்கு கட்டிகள், அலுமினா, சேர்க்கோனியா போன்ற கனிமப் பொருட்களை மின்வில் உலையில் உருக்கி அச்சுகளில் ஊற்றி, நாட்கணக்கில் மெல்ல ஆறவிட்டு ஆக்கப்படுகின்றன. உருக்கும் முறை, ஊற்றும் வேகம், அச்சின் அமைப்பு, ஆறவிடும் விதம் என்று பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், கட்டியில் தோன்றும் வெடிப்பை எது உண்டாக்கியது என்பதைச் சமன்பாட்டால் சொல்வது கடினம். ஆனால் ஒவ்வொரு கட்டியும் எந்த நிலைமைகளில் வார்க்கப்பட்டது, எப்படி வெளிவந்தது என்பது பதிவாகும். முன்பு நல்ல விளைவு தந்த நிலைமைகளை மீட்டெடுத்துப் புதிய வார்ப்புக்கு வழிகாட்டுவதும், குறை தோன்றினால் ஒத்த குறைகளைத் தேடுவதும் இதன் பணி.

இந்த முயற்சியின் பாடம் தெளிவானது. வார்ப்பாலையில் மூன்றாவது பகுதியாகிய விளைவு தானாகவே பதிவாகிறது. ஒவ்வொரு கட்டியும் தரச் சோதனைக்குப் போயே தீரவேண்டும், வெடிப்பை மறைக்க முடியாது. பராமரிப்புப் பட்டறையில் அத்தகைய கட்டாயம் இல்லை. அதை முயன்றே உருவாக்க வேண்டும்.

7. கொழும்பின் நிலைமை

கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், இம்முறை இங்கு பொருந்துவதற்கான காரணங்கள் இயந்திரங்களின் இயல்பிலேயே இருக்கின்றன. கொட்டாஞ்சேனைக்கும் கிராண்ட்பாஸுக்கும் அருகில் களனி ஆற்றங்கரையில் அமைந்த களனிதிஸ்ஸ மின்நிலையத்தில், 1980களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட சிறிய வாயுச் சுழலிகளோடு, பின்னர் வந்த 165 மெகாவாட் இணைசுழற்சி நிலையமும் சேர்ந்தது. சப்புகஸ்கந்தவில் 1984 இல் இயங்கத் தொடங்கிய நான்கு 20 மெகாவாட் டீசல் எஞ்சின்களோடு, 1990களின் பிற்பகுதியில் எட்டு 10 மெகாவாட் எஞ்சின்கள் வேறொரு உற்பத்தியாளரிடமிருந்து வந்தன. 2000 ஆம் ஆண்டில் துறைமுகத்தில் மிதக்கும் தெப்பத்தின் மீது 60 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டி நிறுத்தப்பட்டது. புகையிரதத் திணைக்களத்தின் எஞ்சின்கள் கனடா, ஜப்பான், ஜேர்மனி, பிரித்தானியா, பிரான்ஸ், இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவை. 1954 இல் கனடாவிலிருந்து வரத்தொடங்கிய எம்-2 வகையின் எஞ்சின்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியவை. ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை பெரும்பாலும் இருபதுக்குள்.

பல்லாயிரம் ஒரே மாதிரி இயந்திரங்களின் தரவைக் கொண்டு பயிற்றப்படும் புள்ளிவிவர முறைகளுக்கு இந்த நிலைமை ஒத்துவராது. பதினான்கு எஞ்சின்கள் உள்ள வகையில் ஓர் அரிய பழுது இரண்டு தடவை வந்திருக்கலாம். இரண்டு தடவை என்பது புள்ளிவிவரத்திற்குப் போதாது, நேர்வுசார் முறைக்கு அதுவே இரண்டு பாடம். உற்பத்தியாளரே அந்த மாதிரியைக் கைவிட்ட பின்னர், அதைப் பற்றிய உயிருள்ள அறிவு புகையிரதத் திணைக்களத்தின் இரத்மலானைப் பட்டறையிலும் தெமட்டகொட எஞ்சின் கொட்டகையிலும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

உற்பத்தியாளரின் கைநூலில் இல்லாத காரணிகளும் இங்கு உண்டு. பார எண்ணெயில் ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் வெளியேற்று வெப்பநிலை மட்டும் ஏறினால் ஐயம் உட்செலுத்தியின் மீது விழும். எல்லாச் சிலிண்டர்களிலும் ஒருங்கே ஏறினால் டேர்போசார்ஜரோ காற்றுக் குளிராக்கியோ அழுக்கடைந்திருக்கலாம். எரிபொருள் பம்பியும் பிஸ்டன் வளையங்களும் திடீரென ஒருசேரத் தேய்ந்தால், அண்மையில் இறக்கிய எண்ணெயில் சுத்திகரிப்பு நிலையத்தின் வினையூக்கித் துகள்கள் கலந்திருந்தனவா என்று பார்க்க வேண்டும். ஆகவே "கடைசியாக எண்ணெய் இறக்கிய திகதி" என்பது நேர்வின் இயல்புகளில் ஒன்றாக வேண்டும். கடலோரத்தில் இருக்கும் இயந்திரங்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் உப்பும் ஈரமும் இன்னொரு இயல்பு. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எழுந்து நிற்கும் மாடிக்குடியிருப்புகளின் மின்தூக்கிகள், மின்பிறப்பாக்கிகள், நீர்ப்பம்பிகள் ஆகியவற்றின் மின்தொடுகைகள் அரிக்கப்படுவதை உள்நாட்டு நகரொன்றின் அனுபவத்தை வைத்து மதிப்பிட முடியாது.

உதிரிப்பாகத்தின் மூலமும் பதியப்பட வேண்டும். இறக்குமதிக்குக் காத்திருக்க முடியாத பட்டறைகள் பஞ்சிகாவத்தையிலோ பழைய சோனகத் தெருவிலோ கிடைத்ததை வாங்கிப் பூட்டுகின்றன, அல்லது லேத்தில் கடைந்து எடுக்கின்றன. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இது மேலும் இன்றியமையாததாயிற்று. ஒரே திருத்தம் அசல் பாகத்தால் செய்யப்பட்டதா, மீளப் புதுக்கியதாலா, உள்ளூரில் கடைந்ததாலா என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் மாறும். இதை எழுதாத நேர்வு, ஆறு மாதத்தில் திரும்பி வரும் பழுதைப் புதிய பழுது என்று காட்டும். அதே நெருக்கடி பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் பெருமளவில் வெளிநாடு செல்லவும் காரணமாயிற்று. டேவிட் ஸ்மித்தின் ஓய்வை ஜெனரல் எலெக்ட்ரிக் முன்கூட்டியே அறிந்திருந்தது. வெளிநாடு செல்பவர் கொடுக்கும் அவகாசம் சில வாரங்கள்தான்.

பட்டறையின் பேச்சு சிங்களத்திலும் தமிழிலும், பதிவு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இருப்பது நடைமுறைச் சிக்கல். ஒரே உறுப்பு மூன்று நான்கு பெயர்களில் எழுதப்பட்டால் ஒப்புமைக் கணக்குப் பிசகும். உறுப்புகளுக்கும் அறிகுறிகளுக்கும் எண்குறியீடு கொடுத்து, எந்த மொழியில் சொன்னாலும் அதே குறியீட்டில் விழச் செய்வதே தீர்வு.

8. எல்லைகள்

முதல் எல்லை, ஒருபோதும் நடக்காத பழுதை இம்முறை அறியாது. மிக நெருங்கிய நேர்வின் ஒப்புமையே குறைவாக இருந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் எல்லைக்கோடு அமைப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே அடிப்படை விதிகளிலிருந்து கணிக்கும் முதல் வழிக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, ஒரே அறிகுறி முற்றிலும் வேறான காரணங்களிலிருந்து வரலாம். இலங்கை முழுவதும் இருளில் மூழ்கிய மின்தடைகள் இதற்குச் சான்று. 2016 மார்ச் 13 இல் பியகம உபமின்நிலையத்தின் நிலைமாற்றி, 2020 ஓகஸ்ட் 17 இல் கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் நேர்ந்த மனிதத் தவறு, 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று. மூன்றிலும் அறிகுறி ஒன்று, தூண்டுதல் வேறு வேறு. 2025 நிகழ்வில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மின்சாரக் கேள்வி குறைந்து, சூரியமின் பங்கு மிகுந்திருந்ததால் மின்தொகுதியின் சடத்துவம் குறைந்திருந்தது என்பதும் விளக்கப்பட்டது. குரங்கு தூண்டுதல். சிறிய அதிர்ச்சியைத் தாங்க முடியாத நிலை அடிப்படைக் காரணம். நேர்வில் தூண்டுதலுக்கும் அடிப்படைக் காரணத்திற்கும் தனித்தனி இடம் ஒதுக்காவிட்டால், தீர்வு குரங்கு வேலியோடு நின்றுவிடும்.

மூன்றாவது எல்லை அண்மைக்காலத்தது. பெரும் மொழி மாதிரிகள் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து விடை எழுதும் வசதி இன்று பரவலாகக் கிடைக்கிறது. கட்டற்ற நடையில் எழுதப்பட்ட லொக் புத்தகங்களைக் குறியீடுகளாக்கவும், ஒத்த பதிவுகளைத் தேடவும் அது பயன்படும். ஆனால் தேடியெடுப்பது நான்கு படிகளில் முதலாவது மட்டுமே. திருத்தம் பலித்ததா என்பதை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் அளந்து எழுதாவிட்டால், சரளமான நடையில் பழைய ஊகமே திரும்ப வரும்.

9. தொடங்கும் ஒழுங்கு

நடுத்தரத் தொழிற்சாலை ஒன்று இம்முறையைத் தொடங்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரே வகை இயந்திரத்தை, அடிக்கடி நிற்பதும் நின்றால் இழப்பு மிகுந்ததுமான ஒன்றை, முதலில் தெரிந்தெடுக்க வேண்டும். தொடக்கத்தில் நேர்வுகள் சிலவே இருந்தாலும் போதும்: லொக்ஹீட் நிறுவனத்தில் விமானப் பாகங்களை வெப்பத்தில் பதப்படுத்தும் அழுத்த உலைக்காக உருவான 'கிளேவியர்' என்ற அமைப்பு இருபது நேர்வுகளுடனேயே தொடங்கியது. அடுத்து, பணியில் மூத்தவர்களோடு உட்கார்ந்து அவர்கள் நினைவிலுள்ள பழுதுகளை நேர்வுகளாக எழுத வேண்டும். விதிகளைக் கேட்டால் தயங்குபவர்கள், நடந்த கதையைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். பின்னர் அந்த இயந்திரத்திற்குரிய பத்துப் பன்னிரண்டு இயல்புகளைத் தீர்மானித்து, எடைகளை அவர்களைக் கொண்டே இடுவித்து, தெரிந்த பழைய பழுதுகளை வைத்துச் சோதித்துத் திருத்த வேண்டும். கணினி விரிதாள் ஒன்றே இதற்குப் போதும்.

பதிவுப் படிவத்தில் அறிகுறிகள், இயங்குநிலை, அண்மைய வேலை, எரிபொருளும் பருவமும், செய்த சோதனைகளும் முடிவுகளும், காரணம், தூண்டுதல், திருத்தம், உதிரிப்பாகத்தின் மூலம் என்பவற்றுக்குப் பின் மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும்: திருத்தியவுடன் எடுத்த அளவு, ஒரு மாதத்தின் பின் எடுத்த அளவு, பலித்ததா இல்லையா என்ற தீர்ப்பு. கடைசிக் கட்டம் நிரப்பப்படும்வரை அந்தப் பதிவு களஞ்சியத்தில் சேராமல் காத்திருப்பில் இருக்க வேண்டும். இரண்டு வேலைகள் ஒருங்கே செய்யப்பட்டிருந்தால், காரணம் உறுதியாகவில்லை என்று குறித்தே அதைச் சேர்க்க வேண்டும். இந்த ஒழுங்கு கடைப்பிடிக்கப்படும் இடத்தில், வல்லுநர் ஒருவர் ஓய்வுபெற்றாலும் வெளிநாடு சென்றாலும், அவர் கண்ட பழுதுகளும் அவை தீர்ந்த விதமும் அடுத்து வருபவரின் கையில் இருக்கும்.